அளவு தவறினால் மருந்தும் தவறும்: இரத்த அழுத்தத்தைச் சரியாகப் பார்ப்பது எப்படி?



"பிரஷர் கொஞ்சம் கூட இருக்கு, மாத்திரை எழுதியிருக்கேன்." டாக்டர் சொல்லும் இந்த ஒரு வரி ஒருவரின் அன்றாட வாழ்வையே மாற்றிவிடுகிறது. அன்று முதல் தினமும் மாத்திரை, மாதாமாதம் செலவு, சாப்பாட்டில் கட்டுப்பாடு. பெரும்பாலும் இது வாழ்நாள் முழுக்கத் தொடரும். "பிரஷர் நார்மல்" என்ற வார்த்தையும் அதே அளவு கனமானதுதான். அது தவறான அளவாக இருந்தால், உள்ளே வளரும் நோய் பல வருடம் கவனிக்கப்படாமல் கிடந்து, ஒருநாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ சிறுநீரகச் செயலிழப்பாகவோ வெளிப்படும்.

இவ்வளவு பெரிய முடிவை எடுக்க உதவும் பரிசோதனை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. கூட்டம் நிறைந்த கிளினிக்கில், ஓடி வந்து உட்கார்ந்த மூச்சு அடங்கும் முன்பே, சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றிப் பார்த்துவிடுகிறார்கள். நாமும் பேசிக்கொண்டே கையை நீட்டுகிறோம். பிரஷர் அளவில் வரும் தவறுகளில் பெரும்பகுதி கருவியால் வருவதில்லை, அளக்கும் முறையால் வருகிறது. அந்தத் தவறுகளில் பலவற்றை நோயாளியும் குடும்பத்தாரும் செலவே இல்லாமல் தடுக்கலாம்.

திருக்குர்ஆனின் 83-ஆவது அத்தியாயத்தின் பெயரே "அல்முதஃப்பிஃபீன்", அதாவது அளவில் மோசடி செய்வோர். கடைக்காரரின் தராசுக்கும் படிக்கும் இவ்வளவு முக்கியத்துவம் தந்த மார்க்கம் நம்முடையது. அல்லாஹ் அமானிதமாகத் தந்த உடலை அளக்கும்போது நாம் அலட்சியமாக இருப்பது சரியாகுமா?

இரண்டு எண்கள் சொல்வது என்ன?

இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது இரத்தக் குழாயின் சுவர் மீது ஏற்படும் அழுத்தம் மேல் அளவு. அடுத்த துடிப்புக்காக இதயம் தளரும்போது குழாயில் மீதமிருக்கும் அழுத்தம் கீழ் அளவு. "120-க்கு 80" என்றால் மேல் அளவு 120, கீழ் அளவு 80 மில்லிமீட்டர் பாதரசம். பாதரசக் குழாய் கொண்ட பழைய கருவியில் அளந்த காலத்திலிருந்து வந்த அலகு இது. டிஜிட்டல் கருவிகள் வந்த பிறகும் அது மாறவில்லை.

கிளினிக்கில் முறையாக அளந்து, வெவ்வேறு நாட்களிலும் மேல் அளவு 140 அல்லது கீழ் அளவு 90, இவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டினாலோ தாண்டினாலோ உயர் இரத்த அழுத்தம் என்பது நம் நாட்டில் பின்பற்றப்படும் பொது வரையறை. அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் 2017-இல் இந்த எல்லையை 130-க்கு 80 என்று குறைத்தன. எந்த எல்லையை வைத்துக்கொண்டாலும் அதன் அருகில் நிற்பவர்கள் ஏராளம். அவர்களுக்கு 5 புள்ளி வித்தியாசம்கூட "நோயாளி", "நோயாளி அல்ல" என்ற தீர்ப்பையே மாற்றிவிடும்.

அந்த 5 புள்ளி அற்பமானதும் அல்ல. 48 ஆய்வுகளில் பங்கேற்ற சுமார் 3.4 லட்சம் பேரின் விவரங்களை ஒன்றுசேர்த்து ஆராய்ந்து, 2021-இல் "லான்செட்" மருத்துவ இதழ் ஒரு கட்டுரை வெளியிட்டது. மேல் அளவை மருந்தால் 5 புள்ளி குறைத்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகளின் ஆபத்து சுமார் 10 சதவீதம் குறைகிறது என்பது அதன் முடிவு. கையைத் தொங்கவிட்டு அளந்தாலே இதைவிட அதிகமான பிழை வந்துவிடும் என்பதைக் கீழே பார்க்கப் போகிறோம்.

கருவி வந்த கதை

நாடி பிடித்து நோயறியும் கலையை இப்னு ஸீனா விரிவாக எழுதினார். இதயத்திலிருந்து நுரையீரலுக்குச் சென்று திரும்பும் இரத்த ஓட்டத்தை 13-ஆம் நூற்றாண்டிலேயே இப்னு நஃபீஸ் விளக்கினார். அழுத்தத்தை எண்ணாகச் சொல்லும் வழி வெகு காலம் கழித்தே வந்தது. இங்கிலாந்தின் ஸ்டீபன் ஹேல்ஸ் ஒரு குதிரையின் இரத்தக் குழாயில் குழாயைச் செருகி, இரத்தம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று அளந்து, அதை 1733-இல் வெளியிட்டார். 1896-இல் இத்தாலியின் ரிவா ரோச்சி, கையைச் சுற்றிக் காற்றடிக்கும் பட்டையைக் கொண்டுவந்தார். 1905-இல் ரஷ்ய அறுவை மருத்துவர் நிக்கோலாய் கொரோட்காஃப், அந்தப் பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டால் மேல் அளவையும் கீழ் அளவையும் ஒலியால் அறியலாம் என்று காட்டினார். இன்றும் டாக்டர்கள் காதில் கேட்டு அளப்பது அவர் சொன்ன முறைதான்.

பாதரசம் நச்சுப் பொருள் என்பதால், 2013-இல் உருவான மினமாட்டா சர்வதேச ஒப்பந்தத்தின்படி பாதரசக் கருவிகள் படிப்படியாக விலக்கப்பட்டு வருகின்றன. அந்த இடத்தை டிஜிட்டல் கருவிகளும் முள் காட்டும் டயல் கருவிகளும் பிடித்துள்ளன.

நம் ஊர்களின் நிலை

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் செல்லும் நெடுஞ்சாலையில், பாலுசெட்டிசத்திரத்தை அடுத்து இருக்கிறது திருப்புட்குழி. விஜயராகவப் பெருமாள் கோயிலால் அறியப்பட்ட ஊர், பட்டு நெசவுக்குப் பேர்போன வட்டாரம். இதுபோன்ற ஊர்களில் பிரஷர் பார்த்துக்கொள்ள மக்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன: அரசு ஆரம்ப சுகாதார நிலையம், தனியார் டாக்டரின் கிளினிக், வீடு தேடி வரும் சுகாதாரத் தன்னார்வலர். பெரிய மருத்துவமனைக்கு யாரும் பிரஷர் பார்ப்பதற்காகவே போவதில்லை. ஆகவே நோய் பிடிபடுவதும் நழுவிப்போவதும் இந்த மூன்று இடங்களில்தான்.

"மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தைத் தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரைகளையும் வீட்டிலேயே தருகிறார்கள். 2024-இல் இத்திட்டம் ஐ.நா. அமைப்பின் விருதைப் பெற்றது. இத்திட்டத்தின் தேவை எவ்வளவு என்பதை 2020-இல் தமிழகத்தில் எடுக்கப்பட்ட ஆய்வு காட்டியது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு மட்டுமே அது கட்டுக்குள் இருந்தது.

பிரஷரைச் சரியாகப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டுமா என்ற கேள்விக்கு நம் மாநிலத்திலேயே பதில் இருக்கிறது. சென்னையின் மூத்த சிறுநீரக நிபுணரும் பத்மபூஷண் விருது பெற்றவருமான டாக்டர் எம்.கே. மணி, "கிட்னி ஹெல்ப் டிரஸ்ட்" மூலம் 1990-களில் சென்னையை ஒட்டிய கிராமங்களில் ஒரு திட்டத்தை நடத்தினார். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, பிரஷர் அளக்கவும் சிறுநீர் பரிசோதிக்கவும் பயிற்சி தந்தார்கள். அவர்கள் வீடு வீடாகப் போனார்கள். சுமார் 25 ஆயிரம் மக்கள் தொகையில் நோயுள்ளவர்கள் கண்டறியப்பட்டார்கள், விலை குறைந்த மாத்திரைகளே கொடுக்கப்பட்டன. டயாலிசிஸ் செலவைத் தாங்க முடியாத நாட்டில் சிறுநீரகம் கெடாமல் காப்பதே வழி என்பது அவர் வாதம். சரியான பயிற்சி பெற்ற கை, ஒழுங்கான முறை, தொடர்ந்த கவனிப்பு ஆகிய மூன்றும் இருந்தால் ஒரு கிராமமே பயனடையும் என்பதற்கு இது சாட்சி.

தவறு எங்கே நடக்கிறது?

கீழே உள்ளவை எல்லாக் கிளினிக்குகளிலும் வீடுகளிலும் அன்றாடம் நடப்பவை. ஒவ்வொன்றும் தனியாகவே அளவை மாற்றும். இரண்டு மூன்று சேர்ந்தால் நல்ல உடம்பும் நோயுற்றதாகத் தெரியும்.

1. ஓய்வு இல்லாமல் அளப்பது. தறியில் மிதிபலகை மிதித்துக்கொண்டிருந்தவர் எழுந்து நேரே வந்தாலும், மாடிப்படி ஏறி வந்தாலும், வெயிலில் பைக் ஓட்டி வந்தாலும் அழுத்தம் கூடியே இருக்கும். குறைந்தது 5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகே அளக்க வேண்டும்.

2. டீ, காபி, புகை. அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் இவை கூடாது. உடற்பயிற்சியும் கூடாது. கிளினிக் வாசலில் காத்திருக்கும்போது ஒரு டீ குடித்துவிட்டு உள்ளே போவது பலரின் வழக்கம். அதை வெளியே வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

3. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காருவது. இதனால் மட்டுமே மேல் அளவு சுமார் 10 புள்ளி கூடலாம். முதலில் கழிப்பறைக்குப் போய் வாருங்கள்.

4. பேச்சு. அளக்கும்போது நோயாளி பேசினால் சுமார் 10 புள்ளி ஏறும். "ராத்திரி தூக்கம் வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே காற்றடிக்கும் டாக்டருக்குத் தலையசைத்துவிட்டு, அளந்து முடித்த பிறகு பதில் சொல்லலாம். அவரும் புரிந்துகொள்வார். செல்போன் பார்ப்பதும் இதில் சேரும்.

5. உட்காரும் முறை. முதுகு சாய இடம் இருக்க வேண்டும். ஸ்டூலில் உட்கார வைத்துப் பார்ப்பது சரியல்ல. இரு பாதங்களும் தரையில் பதிய வேண்டும். கால்மேல் கால் போட்டால் 2 முதல் 8 புள்ளி வரை கூடும்.

6. கை இருக்கும் உயரம். பட்டை கட்டிய மேல்கை, இதயத்தின் மட்டத்தில், மேசை மீது தாங்கலாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், கையை மடியில் வைத்து அளந்தபோது மேல் அளவு சுமார் 4 புள்ளியும், பக்கவாட்டில் தொங்கவிட்டபோது 6.5 புள்ளியும் கூடுதலாகக் காட்டியது. காரணம் எளிது. குழாயில் நிற்கும் தண்ணீரைப் போல, இதயத்துக்குக் கீழே இறங்க இறங்க இரத்தத்தின் எடையும் அழுத்தத்தோடு சேருகிறது. கையை இதயத்துக்கு மேலே தூக்கினால் அளவு குறைத்துக் காட்டும்.

7. பட்டையின் அளவு. பருத்த கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் அளவு கூடும். மெலிந்த கைக்குப் பெரிய பட்டை கட்டினால் குறையும். 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டியபோது மேல் அளவு சுமார் 5 புள்ளி கூடியது. மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கோ சுமார் 20 புள்ளி கூடியது. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை டெய்லர் டேப்பால் அளந்து பாருங்கள். 27 முதல் 34 செ.மீ. வரை என்றால் சாதாரணப் பட்டை போதும். 35 முதல் 44 செ.மீ. என்றால் பெரிய பட்டை வேண்டும். எந்தச் சுற்றளவுக்கு உரியது என்று பட்டையிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

8. துணிக்கு மேலே கட்டுவது. இதனால் வரும் பிழை 5 புள்ளியாகவும் இருக்கலாம், 50 புள்ளியாகவும் இருக்கலாம். இவ்வளவுதான் என்று கணக்கிட்டுக் கழிக்கவும் வழியில்லை. நம் குடும்பங்களில் இது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

பர்தா அணியும் சகோதரிகளுக்கு

முழுக்கை ஆடையும் அதன் மேல் புர்காவும் அணிந்து கிளினிக்குக்கு வரும் பெண்களிடம் கையை விலக்கச் சொல்ல ஆண் டாக்டர்கள் தயங்குகிறார்கள். கேட்க நம் பெண்களும் தயங்குகிறார்கள். முடிவில் இரண்டு அடுக்குத் துணிக்கு மேலேயே பட்டை ஏறுகிறது. சிலர் இறுக்கமான கையைத் தோள்வரை சுருட்டி ஏற்றிக்கொள்கிறார்கள். அதுவும் தவறு. சுருட்டிய துணி கயிறு போலக் கையை இறுக்கி, இரத்த ஓட்டத்தைத் தடுத்து அளவைக் கெடுக்கும்.

இதற்குத் தீர்வு கடினமானது அல்ல. டாக்டரிடம் போகும் நாளில் புர்காவுக்கு உள்ளே தளர்வான அரைக்கை ஆடை அணிந்து செல்லுங்கள். பெண் நர்ஸைக் கொண்டு, திரைக்குப் பின்னால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சிறிய கிளினிக்கிலும் ஒரு திரை இருக்கும், கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருபவர் பெண் என்பதால், உள் அறையில் வெறும் கையில் அளந்துகொள்ளலாம். சிகிச்சைக்குத் தேவையான அளவுக்கு வெளிப்படுத்துவதை மார்க்கம் அனுமதிக்கிறது என்பதை உலமாக்கள் விளக்கியுள்ளார்கள். வெட்கத்தால் தவறான அளவை வாங்கி வருவது யாருக்கும் நன்மை தராது.

டாக்டரும் நர்ஸும் கவனிக்க வேண்டியவை

காதில் கேட்டு அளக்கும்போது சில படிகள் விடுபட்டுப் போகின்றன. முதலில் மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு காற்றடித்து, நாடி மறையும் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதைவிட 30 புள்ளி மேலே ஏற்றிவிட்டுக் காற்றை இறக்க வேண்டும். சிலருக்கு ஒலி நடுவில் மறைந்து மீண்டும் கேட்கும். நாடி பிடிக்காமல் குறைவாகக் காற்றடித்தால், உண்மையான மேல் அளவைத் தவறவிட்டு, நோயையே காணாமல் போய்விடலாம்.

காற்றை நொடிக்கு 2 முதல் 3 புள்ளி வீதம் மெதுவாக இறக்க வேண்டும். அவசரமாக இறக்கினால் மேல் அளவு குறைந்தும் கீழ் அளவு கூடியும் தெரியும். எண்களை 120, 130, 140 என்று முழுப் பத்தாக்கி எழுதும் பழக்கம் உலகெங்கும் உள்ளது. 136 என்பது 140 ஆனால் ஒருவர் நோயாளி ஆகிறார். 144 என்பது 140 ஆனால் மருந்தைக் கூட்ட வேண்டிய அவசியம் மறைந்துபோகிறது.

டயல் கருவி கீழே விழுந்தால் அளவு பிசகிவிடும், வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. அதை 6 மாதத்துக்கு ஒருமுறையாவது சோதித்துச் சரிசெய்ய வேண்டும். டிஜிட்டல் கருவிக்கும் ஆண்டுக்கொருமுறை சோதனை நல்லது.

முதல் தடவை வருபவருக்கு இரு கைகளிலும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் 10 புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், அதிகம் காட்டிய கையிலேயே எப்போதும் பார்க்க வேண்டும். எந்தக் கை என்பதைச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு நாளில் நூறு பேரைப் பார்க்கும் டாக்டருக்கு ஒவ்வொருவருக்கும் 5 நிமிடம் ஒதுக்க முடியுமா என்ற கேள்வி நியாயமானது. அந்த 5 நிமிடத்தை டாக்டரின் அறையில் செலவிட வேண்டியதில்லை. காத்திருக்கும் இடத்திலேயே சாய்மான நாற்காலி போட்டு, பயிற்சி பெற்ற நர்ஸோ உதவியாளரோ அளந்து சீட்டில் எழுதி அனுப்பினால் டாக்டரின் நேரமும் மிச்சமாகும்.

ஒரே ஒரு அளவு போதாது

இரத்த அழுத்தம் நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருப்பது. ஒரு நிமிட இடைவெளியில் மூன்று தடவை பார்த்து, கடைசி இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும் என்று சர்வதேச உயர் இரத்த அழுத்தச் சங்கத்தின் 2020 வழிகாட்டி சொல்கிறது. முதல் தடவை அதிகமாக இருந்தாலும் உடனே "நோய்" என்று முடிவு கட்டாமல், ஒன்று முதல் நான்கு வார இடைவெளியில் இரண்டு மூன்று தடவை பார்த்த பிறகே உறுதி செய்ய வேண்டும். 180-க்கு 110 போல மிக அதிகமாக இருந்து, இதயமோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்ட அடையாளமும் தெரிந்தால் டாக்டர் உடனே சிகிச்சை தொடங்குவார்.

டாக்டரைக் கண்டாலே சிலருக்குப் பிரஷர் ஏறும், வீட்டில் சாதாரணமாக இருக்கும். கிளினிக்கில் அளவு கூடியவர்களில் 10 முதல் 30 சதவீதம் பேர் இப்படிப்பட்டவர்கள் என்று அதே வழிகாட்டி கூறுகிறது. இவர்களுக்குத் தேவையில்லாத மாத்திரை கொடுத்தால் தலைசுற்றலும் களைப்பும்தான் மிஞ்சும். இதற்கு நேர்மாறான கூட்டமும் உண்டு. கிளினிக்கில் நார்மல், வீட்டிலும் வேலையிடத்திலும் அதிகம். இவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம், ஏனெனில் யாரும் இவர்களைத் தேடுவதில்லை. இரண்டு வகையினரையும் பிரித்துக் காட்டுவது வீட்டில் பார்க்கும் அளவுகள்தான்.

வீட்டில் பார்க்கும் முறை

டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய 7 நாட்கள் பாருங்கள். காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன்பும் மாத்திரை போடும் முன்பும் இரண்டு தடவை. மாலையில் இரண்டு தடவை. ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு நிமிடம் விடுங்கள். முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு, மீதி 6 நாட்களின் 24 அளவுகளுக்குச் சராசரி எடுங்கள். வீட்டு அளவுக்கு எல்லை 135-க்கு 85 ஆகும், கிளினிக் எல்லையைவிடச் சற்றுக் குறைவு.

தொழுகைக்கு முன்பும் பின்பும் என்று நேரம் வைத்துக்கொள்வது நம்மில் பலருக்கு வசதி. ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்ததும் உடனே அளக்காமல் 5 நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். குளிர்ந்த நீரில் ஒளூச் செய்த உடனேயும் வேண்டாம்.

எண்களை உள்ளபடியே எழுதுங்கள். "இது கூடிப்போச்சு, மறுபடி பார்ப்போம்" என்று நல்ல எண் வரும்வரை அளந்து அதை மட்டும் எழுதுவது டாக்டரை ஏமாற்றுவது அல்ல, நம்மையே ஏமாற்றுவது. அதேபோல, மனம் படபடக்கும்போதெல்லாம் ஒரு நாளைக்குப் பத்து தடவை அளப்பதும் வேண்டாம். அந்தக் கவலையே அளவை ஏற்றும்.

கருவி வாங்கும்போது

மணிக்கட்டிலும் விரலிலும் மாட்டும் கருவிகளைத் தவிர்த்து, மேல்கையில் கட்டும் தானியங்கிக் கருவியை வாங்குங்கள். இந்தியாவில் 2021 ஜனவரி முதல் பிரஷர் கருவிகள் மருந்துச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வந்துள்ளன. ஆனால் விற்க அனுமதி உள்ள எல்லாமே துல்லியம் சோதிக்கப்பட்டவை அல்ல. மருத்துவ ஆய்வில் துல்லியம் உறுதி செய்யப்பட்ட மாடல்களின் பட்டியலை "ஸ்ட்ரைட் பிபி" என்ற சர்வதேச அமைப்பு இணையத்தில் வெளியிடுகிறது. கடைக்குப் போகும் முன் அதில் மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள். வாங்கிய கருவியை ஒருமுறை கிளினிக்குக்கு எடுத்துச் சென்று, டாக்டரின் கருவியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வளைகுடாவிலிருந்து வரும் மகன் வாப்பாவுக்கு வாங்கி வரும் பரிசாக இருந்தாலும் இதே விதிதான். அதோடு, வாப்பாவின் கைச் சுற்றளவைக் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

சிலருக்குத் தனிக் கவனம்

கர்ப்பிணிகள்: 20 வாரத்துக்குப் பிறகு 140-க்கு 90-ஐ எட்டினால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். 160-க்கு 110 என்றால் அவசர நிலை. தலைவலி, பார்வை மங்கல், மேல் வயிற்று வலி இருந்தால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம்.

முதியவர்களும் சர்க்கரை நோயாளிகளும்: உட்கார்ந்து அளந்த பின், எழுந்து நின்ற 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 புள்ளி இறங்கினால் விழுந்து அடிபடும் ஆபத்து உண்டு. ஸுஜூதிலிருந்து எழும்போது கண் இருட்டுகிறது என்று பெரியவர்கள் சொன்னால் "வயசாச்சு" என்று விட்டுவிடாமல் இந்தப் பரிசோதனையைக் கேளுங்கள்.

டயாலிசிஸ் செய்பவர்கள்: அதற்காக அறுவை செய்த கையில் பட்டை கட்டவே கூடாது.

இதயத் துடிப்பு சீரில்லாதவர்கள்: டிஜிட்டல் கருவி ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் காட்டும். டாக்டர் காதில் கேட்டுப் பல தடவை அளப்பதே நம்பகமானது.

ரமளானில்

நோன்பு வைக்க விரும்பும் பிரஷர் நோயாளிகள் ரமளானுக்கு ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் போக வேண்டும். பல மாத்திரைகளை ஸஹருக்கோ இஃப்தாருக்கோ மாற்றிக்கொள்ள முடியும். சிறுநீரை அதிகப்படுத்தும் மாத்திரைகளின் நேரத்தை டாக்டரே தீர்மானிக்க வேண்டும். அவர் சரியான முடிவெடுக்க வேண்டுமானால், மேலே சொன்ன 7 நாள் அளவுக் குறிப்பு கையில் இருக்க வேண்டும். நாமாக மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. இஃப்தார் முடிந்த கையோடு, வயிறு நிறைந்த நிலையில் அளப்பதும் வேண்டாம். ஹஜ்ஜுக்கான உடல் தகுதிச் சான்றுக்குப் போகும்போதும் இதே குறிப்பு உதவும்.

முகாம் நடத்தும் ஜமாஅத்துகளுக்கு

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வளாகத்தில் இலவச பிரஷர், சுகர் முகாம் நடத்துவது நல்ல பணி. வரிசையில் நின்றவரை நின்றபடியே அளந்து அனுப்பினால் அந்தப் பணியின் பலன் குறையும். சாய்மான நாற்காலிகள் பத்து, 5 நிமிடம் உட்கார வைக்க ஒரு தன்னார்வலர், இரண்டு அளவுப் பட்டைகள், பெண்களுக்குத் திரையிட்ட தனி இடமும் பெண் பணியாளரும், அளவை எழுதித் தரும் சீட்டு. இவ்வளவு இருந்தால் போதும். அளவு கூடியவர்களின் பெயரைக் குறித்து, இரண்டு வாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார்களா என்று விசாரிப்பது முகாமைவிட முக்கியம்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியது எப்போது?

180-க்கு 120-ஐ எட்டினாலோ தாண்டினாலோ 5 நிமிடம் அமைதியாக இருந்து மறுபடி பாருங்கள். மீண்டும் அதே அளவு இருந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். அத்துடன் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் கோணுதல், கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல், கடுமையான தலைவலி, பார்வைக் குறைவு இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். இந்த அறிகுறிகள் இருக்கும்போது பிரஷர் எண் குறைவாகக் காட்டினாலும் தாமதிக்கக் கூடாது.

பிரஷர் நோய் பெரும்பாலும் வலிக்காது, தலைசுற்றாது. எண்ணைத் தவிர அதற்கு வேறு அடையாளம் இல்லை. ஆகவே அந்த எண்ணாவது உண்மையாக இருக்க வேண்டும். அடுத்த தடவை வாப்பாவையோ உம்மாவையோ டாக்டரிடம் அழைத்துப் போகும்போது மூன்று விஷயத்தை மட்டும் மரியாதையோடு கேளுங்கள்: "ஐந்து நிமிஷம் உட்கார்ந்துக்கட்டுமா? வெறும் கையில பார்க்கலாமா? இன்னொரு தடவை பார்க்க முடியுமா?" எந்த நல்ல டாக்டரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தையும், நோயுற்றவர்களுக்குப் பூரண ஷிஃபாவையும் தந்தருள்வானாக. ஆமீன்.